பிறர் நம்பிக்கையை நாம் நிறுக்கலாமா?

(நமது ஜமாஅத்தின் மீலாது விழாவையொட்டி நடைபெற்ற சமய நல்லிணக்க அமர்வில், அண்டை ஊரான ஆலந்தலையிலிருந்து வருகை தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு மாறாமல் இங்கே தரப்படுகிறது. – மலர்க் குழு)

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தச் சொல்லைச் சொல்லித் தொடங்கலாமா என்று மேடை ஏறுவதற்கு முன் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டேன். "சாந்தி உண்டாகட்டும் என்று சொல்வதற்கு அனுமதி எதற்கு, ஆசிரியரே?" என்றார்கள். அந்தத் துணிவில் தொடங்குகிறேன்.

"பிற சமயத்தவரின் இறைநம்பிக்கை – ஒரு கிறித்தவரின் பார்வையில்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இது கடலைப் போன்ற தலைப்பு. நான் கரையோரமாக ஒரே ஒரு துறையில்தான் இறங்கப் போகிறேன். எந்தச் சமயம் மெய்யானது என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறு. அதை மறைத்துக்கொண்டு இனிமையாகப் பேசுவது விருந்தாளிக்கு அழகன்று. நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. ஒரு மனிதர் "நான் நம்புகிறேன்" என்று சொல்லும்போது, "நீ உண்மையாக நம்பவில்லை, வேறெதற்காகவோ சொல்கிறாய்" என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இன்னொரு மனிதருக்கு, குறிப்பாக என்னைப் போன்ற ஒரு கிறித்தவருக்கு, உண்டா? இந்தக் கேள்வியை நான் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. என் வாய்த் தவற்றிலிருந்து எடுத்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1981ஆம் ஆண்டு பிப்ரவரி 19. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், செங்கோட்டைக்கு அருகே மீனாட்சிபுரம் என்ற சிற்றூரில், ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதைப் பற்றிப் பேசியது. அமைச்சர்கள் வந்தார்கள், தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகையாளர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வளவு வாங்கினீர்கள்? வளைகுடாப் பணம் என்பது அந்நாளில் எல்லார் வாயிலும் புரண்ட சொல்.

அப்போது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இளைஞன். மதிய உணவு வேளை. ஆசிரியர் அறையில் ஏழு பேர் இருந்தோம். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நான் சொன்னேன்: "இதெல்லாம் நம்பிக்கையா? துபாய்க் காசு பேசுகிறது." அறையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவர் ஒருவர். இந்த ஊர்க்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், கணித ஆசிரியர். நான் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லாமலே உங்களில் பலருக்குத் தெரியும். அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, 1536இல் உங்கள் பாட்டனார் எதற்காகச் சேர்ந்தார்?"

என்னிடம் பதில் இல்லை. இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு நான் பின்னாளில் தேடிக்கொண்ட பதில்தான்.

பெரியோர்களே, 1530களில் இந்த முத்துக்குளித்துறைக் கரையில் நடந்தது என்ன? பரதவர் சிப்பி குளித்தார்கள். சலாபத்தின் குத்தகையும் வாணிகமும் பெரிதும் காயல் முஸ்லிம்களின் கையில் இருந்தன. குளிப்பவனுக்கும் குத்தகைக்காரனுக்கும் இடையே பகை மூண்டது. ஒரு காதணியைப் பற்றிய சச்சரவில் அது வெடித்தது என்பது பழங்கதை. அந்தக் கதை எங்கள் ஊரில் ஒருவிதமாகச் சொல்லப்படும்; இங்கே வேறுவிதமாகச் சொல்லப்படக்கூடும். காது யாருடையது, கை யாருடையது என்று இன்று நாம் விசாரிக்க வேண்டியதில்லை. இரு பக்கமும் இரத்தம் சிந்தியது என்பது போதும்.

அந்த நேரத்தில் குதிரை வாணிகத்துக்காகக் குமரிப் பக்கம் வந்திருந்தார் ஜான் த குரூஸ் என்பவர். கோழிக்கோட்டு மன்னரால் போர்ச்சுக்கலுக்கு அனுப்பப்பட்டு அங்கே திருமுழுக்குப் பெற்றுத் திரும்பியவர். போர்த்துக்கீசியரின் துணையைத் தேடுங்கள், அவர்களுடைய சமயத்தில் சேருங்கள் என்று அவர் வழி சொன்னார். பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்றார்கள். திரும்பியபோது அவர்கள் கிறித்தவர்கள். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் துறை துறையாகத் திருமுழுக்கு நடந்தது. ஏறத்தாழ 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1538இல் வேதாளையில் மரக்காயர்களின் கடற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தார்கள். கடல் கைமாறியது.

இதில் எங்கே இருக்கிறது நம்பிக்கை? நேர்மையாகச் சொன்னால், அந்தத் தொடக்கத்தில் மறையுரை கேட்டு மனம் உருகியவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. பாதுகாப்பு வேண்டும், தொழில் வேண்டும், அதற்கு ஒரு விலை, அந்த விலை திருமுழுக்கு. காக்கா அவர்களின் கேள்வியில் பிழை கிடையாது. மீனாட்சிபுரத்து ஏழையை எந்தத் தராசில் நான் நிறுத்தேனோ, அதே தராசில் என் பாட்டனாரை நிறுத்தால், மீனாட்சிபுரத்தானே கனமாக நிற்பான். அவன் சாதிக் கொடுமையிலிருந்து மானத்தோடு வாழ வழி தேடினான். படையோ கப்பலோ அவனுக்குத் துணையாக வரவில்லை.

1542 அக்டோபரில் புனித சவேரியார் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் எங்கள் வீடுகளில் நாள்தோறும் சொல்லப்படும் பெயர். என் பாட்டி அவர் படத்துக்கு முன் விளக்கேற்றாமல் அடுப்பு மூட்டியதில்லை. அவர் தூத்துக்குடியிலிருந்து அந்த மாதம் 28ஆம் நாள் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. அதில் உள்ளதைச் சொற்படி அல்லாமல் பொருளாகச் சொல்கிறேன். இந்த மக்களிடம் நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டால், நாங்கள் கிறித்தவர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை என்று எழுதுகிறார். ஆறாண்டுகள் குருவோ போதனையோ இல்லாமல் கிடந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? இருந்தும் இவர்களை அவர் போலிகள் என்று தள்ளிவிடவில்லை. மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். போர்த்துக்கல் அரசிக்குக் காலணிச் செலவு என்ற பெயரில் இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அதைப் பிள்ளைகளுக்குப் போதிப்பவர்களுக்காக விட்டுத் தரும்படி கேட்டுப் பெற்றார்.

அதே கடிதத்தில் ஒரு தாயைப் பற்றிய செய்தி வருகிறது. வரும் வழியில் ஓர் ஊர். அங்கே எவரும் கிறித்தவர் அல்லர்; ஆளும் தலைவன் இசைவு இல்லாமல் சேர மாட்டோம் என்கிறார்கள். அந்த ஊர் இங்கே காயல்பட்டினத்துக்குப் பக்கத்திலுள்ள கொம்புத்துறை என்பது மரபு. ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் துடிக்கிறாள். சவேரியார் உள்ளே சென்று, நம்பிக்கை அறிக்கையை உடனிருந்தவர் மொழிபெயர்க்கச் சொல்லி, நீ கிறித்தவளாக விரும்புகிறாயா என்று கேட்கிறார். மனமார விரும்புகிறேன் என்கிறாள். திருமுழுக்கு அளிக்கிறார், குழந்தை பிறக்கிறது. பிறகு குடும்பம் சேருகிறது. ஆள்வோரின் இசைவோடு ஊரும் சேருகிறது.

தாய்மார்கள் நிறைந்த அவையில் கேட்கிறேன். மூன்று நாள் வேதனையில் கிடக்கும் ஒருத்தி சொல்லும் "ஆம்" என்பதை எந்தப் படிக்கல்லால் நிறுப்பது? வலி தாங்காமல் சொன்னாளா? உயிர்ப்பயத்தில் சொன்னாளா? மனமுருகிச் சொன்னாளா? மூன்றும் ஒன்றாகவே இருந்திருக்கும். பிரித்தறிய அவளாலேயே முடிந்திருக்காது. படைத்தவனை அழைக்கும் நம்மில் எத்தனை பேர் வலி இல்லாதபோது அழைக்கிறோம்?

இந்த இடத்தில் என் சமயத்தின் இன்னொரு பக்கத்தையும் புரட்டியாக வேண்டும். நம் கரையில் திருமுழுக்கு நடந்துகொண்டிருந்த அதே 1536இல், மே 23ஆம் நாள், போர்ச்சுக்கல் நாட்டில் இன்குவிசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம் திருத்தந்தையின் ஆணையால் நிறுவப்பட்டது. எதற்காக? 1497இல் அந்நாட்டு யூதர்களை வலுக்கட்டாயமாகத் திருமுழுக்குப் பெறச் செய்திருந்தார்கள். சேர்த்த பிறகு, நீங்கள் உண்மையாகச் சேரவில்லை என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். கதவைப் பூட்டி உள்ளே தள்ளியவனே, நீ விரும்பி வந்தாயா என்று கேட்பது போன்றது இது.

ஸ்பெயினிலும் இதுவே. கிரனடா 1492இல் வீழ்ந்தபோது முஸ்லிம்களின் வழிபாட்டுரிமைக்கு ஒப்பந்தத்தில் உறுதி தரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது மீறப்பட்டது. 1526க்குள் நாடு முழுவதும் அவர்கள் கிறித்தவர்களாக்கப்பட்டார்கள். மொரிஸ்கோக்கள் என்று அவர்களுக்குப் பெயர். பிறகு தலைமுறை தலைமுறையாக ஒற்றுப் பார்த்தார்கள். பன்றி இறைச்சியை ஒதுக்குகிறானா? வெள்ளிக்கிழமை குளிக்கிறானா? அவன் வீட்டுப் பெண் மருதாணி இடுகிறாளா? பெண்ணின் கைச்சிவப்பு ஒரு வழக்கில் சான்றாயிற்று. இறுதியில் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேரை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். அவர்களில் உண்மையாகவே கிறிஸ்துவை நம்பியவர்களும் இருந்தார்கள், அழுதுகொண்டே கப்பலேறினார்கள். நெஞ்சை நிறுக்கத் தொடங்கியவன் கையில் தராசு நிற்பதில்லை. அடுத்துக் கோல் வரும், அதற்கடுத்து வாள் வரும்.

நான் மதிக்கும் சவேரியாரே 1546ஆம் ஆண்டில் மலுக்குத் தீவுகளிலிருந்து மன்னருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியாவுக்கும் அந்த விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார். யூத, முஸ்லிம் வழக்கங்களைப் பின்பற்றும் கிறித்தவர்கள் இங்கே இருப்பதைக் காரணமாகக் காட்டினார். அவர் இறந்த பின், 1560இல் கோவாவில் அது தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக 1812 வரை நடந்தது. இதை இந்த மேடையில் சொல்ல எனக்கு வலிக்கிறது. மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிய கையும் அந்தக் கடிதத்தை எழுதிய கையும் ஒரே கைதான். எது அவருடைய உண்மையான நெஞ்சம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை. செய்தது தவறு என்று சொல்ல மட்டும் வாயுண்டு. 1544இல் அவர் எழுதிய கடிதங்களில் தூத்துக்குடிப் பகுதியின் போர்த்துக்கீசியத் தளபதியின் பேராசையைக் கடிந்து எழுதியிருக்கிறார். அந்தத் தளபதி பிறவிக் கிறித்தவன். அவனுடைய நம்பிக்கை உண்மையானதா என்று எந்த மன்றமும் விசாரித்ததாகத் தெரியவில்லை. விசாரணை எப்போதும் புதிதாக வந்தவனுக்குத்தான்.

இனி ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறேன். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார். தமிழறிந்தோர் அண்டிரிக் அடிகளார் என்று போற்றும் பெரியவர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலைத் தந்தவர். இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் அதுவே மிகப் பழையது. பதினாறே பக்கம். தமிழாசிரியனாக இருந்த நாளெல்லாம் இதை மாணவர்களுக்குப் பெருமையோடு சொன்னேன். அவருடைய பிறப்பைப் பற்றி அறிந்தது பின்னாளில்தான்.

அவர் போர்ச்சுக்கலில் யூத மரபில் வந்த குடும்பத்தில் 1520இல் பிறந்தவர். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத வழியினர் என்பதால் அங்கே நிலைக்க விடவில்லை. 1545இல் இயேசு சபை அவரை ஏற்றது. மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறி, இந்தக் கரையில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்றார். புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு மருத்துவ இல்லம் கண்டார். அங்கேயே 1600இல் காலமானார்.

எண்ணிப் பாருங்கள். "இவனும் இவன் முன்னோரும் உண்மைக் கிறித்தவர்கள் அல்லர்" என்று தாய்நாட்டில் ஐயத்துக்குள்ளான குடும்பத்துப் பிள்ளை, "இவர்கள் முத்துக்காகச் சேர்ந்தவர்கள்" என்று ஏளனம் செய்யப்பட்ட மக்களிடம் வந்து சேர்கிறார். அவர்களை நிறுக்கவில்லை, அவர்கள் மொழியில் பேசினார், அவர்கள் மொழியில் எழுதினார். 1593இல் இயேசு சபை தன் பேரவையைக் கூட்டி, யூத வழியினரையும் முஸ்லிம் வழியினரையும் இனிச் சேர்ப்பதில்லை என்று விதி செய்தது. அப்போது அண்டிரிக் அடிகளாருக்கு வயது 73. அந்தச் செய்தி இந்தக் கரைக்கு வந்து அவர் காதில் விழுந்திருந்தால், அந்த முதியவர் அன்றிரவு எப்படி உறங்கியிருப்பார்? அந்த விதி முற்றிலும் நீங்க 1946 வரை ஆயிற்று.

சரி, முத்துக்காகச் சேர்ந்தவர்களின் கதை என்னவாயிற்று? 1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. சலாபம் அவர்களுடையது, கடல் அவர்களுடையது, ஆட்சி அவர்களுடையது. அவர்கள் சீர்திருத்தச் சபையினர், கத்தோலிக்கத்தை வெறுத்தவர்கள். குருக்களை வெளியேற்றினார்கள், ஆலயங்களைக் கைப்பற்றினார்கள். பால்தேயுஸ் என்னும் புலமை மிக்க போதகர் வந்து, எங்கள் மக்களைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார். காசுக்காகவும் காப்புக்காகவும் சேர்ந்த கூட்டம் என்றால் இதைவிட வாய்ப்பான காலம் ஏது? புதிய எசமானன் அருகில் நிற்கிறான். பழைய எசமானன் கப்பலேறிப் போய்விட்டான். இருந்தும் எங்கள் மக்கள் அசையவில்லை. செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, குரு கிடைத்த இடத்துக்கு நடந்து போய்த் திருப்பலி கண்டார்கள். பேரம் பேசிச் சேர்ந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் பேரம் பேச மறுத்தார்கள்.

கடலுக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்தில் அதே ஒல்லாந்தர் ஆட்சியில் வேறுவிதமாக நடந்தது. அரசுப் பணிக்கும் நில உரிமைக்கும் சீர்திருத்தச் சபைத் திருமுழுக்கு வேண்டும் என்றிருந்ததால், பல்லாயிரம் பேர் பதிவேட்டில் கிறித்தவர் ஆனார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அந்தச் சபை உப்புப் போலக் கரைந்தது. பெரும்பாலோர் சைவத்துக்குத் திரும்பினர். உண்மையில் அவர்கள் அதை விட்டதே இல்லை எனலாம்.

திருமுழுக்கு நடந்த நாளில் மணப்பாட்டுப் பரதவரையும் யாழ்ப்பாணத்து உடையாரையும் அருகருகே நிறுத்தி, எவன் நிலைப்பான், எவன் நிலைக்க மாட்டான் என்று கேட்டிருந்தால், எந்த ஆயராலும் சொல்லியிருக்க முடியாது. நூறாண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் கூட்டத்தைப் பற்றித்தான் தெரிந்தது. தனி மனிதனைப் பற்றி இன்றும் தெரியாது.

நம் கடற்கரையின் நடைமுறை அறிவு இதில் ஏட்டறிவைவிட மேலானது என்பதற்கு ஒரு சிறு செய்தி. சலாப நாள்களில் கடல்கட்டி என்று ஒருவர் உண்டு. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்டவர். அவர் வராமல் குளியாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள். இலங்கைச் சலாபத்தைப் பற்றி எமர்சன் டென்னன்ட் என்ற ஆங்கில அதிகாரி 1859இல் எழுதும்போது, அந்தக் கடல்கட்டிக் குடும்பத்தின் அன்றைய தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் வலிமை குறையும் என்று எவரும் கருதவில்லை என்றும் குறிப்பிடுகிறார். கத்தோலிக்கக் கடல்கட்டி, குளிப்போரில் முஸ்லிமும் உண்டு, இந்துவும் உண்டு, கிறித்தவரும் உண்டு. பங்குத் தந்தை ஒருவர் அன்று கரையில் நின்று, உன் நம்பிக்கை கலப்படம் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். பத்துப் பாகம் ஆழத்தில் மூச்சடக்கிக் கிடப்பவனுக்கு அந்த ஆராய்ச்சிக்கு நேரமில்லை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. கடல்கட்டியும் அதோடு போனார்.

அண்மைக்கால நிகழ்வு ஒன்றையும் நினைவூட்டுகிறேன். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைக்கு அவசரச் சட்டம் வந்தது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை. மாற்றப்படுபவர் பெண்ணாகவோ சிறாராகவோ பட்டியல் இனத்தவராகவோ இருந்தால் நான்காண்டு வரை. மதமாற்றச் சடங்கை நடத்துபவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அன்று நீங்களும் நாங்களும் சேர்ந்து அதை எதிர்த்தோம். ஒருவனுடைய நெஞ்சைக் கலெக்டர் எப்படி அறிவார் என்று நான் கூட ஒரு கூட்டத்தில் முழங்கினேன், கைதட்டல் கிடைத்தது. 2004இல் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு உறுத்தியது. கலெக்டர் அறிய முடியாததை நான் எப்படி அறிகிறேன்? எங்கள் ஊர்ப் பக்கம் வேற்றுச் சமயப் பெண்ணோ பையனோ திருமணத்துக்காகத் திருமுழுக்குப் பெற வந்தால், கோயில் வாசலிலேயே பேசுவோம்: "இது கலியாண ஞானஸ்நானம்." அந்தப் பெண் நாற்பது ஆண்டு தவறாமல் திருப்பலி கண்டு, பிள்ளைகளுக்கு மன்றாட்டுச் சொல்லிக் கொடுத்து, பேரன் கையால் மண் வாங்கும் நாள் வரையிலும் அந்தப் பேச்சு அவளை விடாது. இங்கே உங்கள் தெருக்களிலும் புதிதாகக் கலிமா சொன்ன குடும்பத்துக்குப் பெண் கொடுக்கும்போது ஒரு தயக்கம் உண்டா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன். விருந்தாளி கேட்கக் கூடாத கேள்வி அது. எங்கள் பக்கம் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: அப்படியானால் எதையுமே ஆராயக் கூடாதா? ஏமாற்றுக்காரனை எப்படி இனங்காண்பது? கேள்வி நியாயமானது. கனியைக் கொண்டு மரத்தை அறியலாம் என்று எங்கள் மறைநூலிலும் உண்டு. ஆனால் அது போதிக்க வருபவனைப் பற்றிய எச்சரிக்கை, ஓநாய் ஆட்டுத்தோல் போர்த்தி வருவதைப் பற்றியது. வாசலில் வந்து நிற்கும் எளியவனை உரசிப் பார்ப்பதற்காக இயேசு அதைச் சொல்லவில்லை. அதற்கு அவர் வேறொரு உவமை சொல்லியிருக்கிறார். வயலில் கோதுமையோடு களையும் முளைக்கிறது. இப்போதே பிடுங்கட்டுமா என்று வேலையாள் கேட்கிறான். வேண்டாம், பயிரும் சேர்ந்து வந்துவிடும், அறுவடை வரை விடு என்கிறார் வயலுக்கு உரியவர். எனவே செயலைக் கேட்கலாம், கணக்கைக் கேட்கலாம். கடவுள் பெயரால் பணம் பறிப்பவனைக் காவல் நிலையத்துக்கே அனுப்பலாம். யாரேனும் உன்னை வற்புறுத்துகிறார்களா என்று வந்தவரிடம் கேட்பது குருவின் கடமை. அந்தக் கேள்வி வந்தவரைக் காக்கிறது. நீ போலியா என்ற கேள்வி அவரைத் தாக்குகிறது. இரண்டும் ஒன்றல்ல.

நான் இதைக் கற்றது எங்கள் மறைநூலிலிருந்து மட்டுமன்று. காக்கா அவர்கள் ஒருநாள் பேருந்தில் எனக்கு ஒரு நிகழ்ச்சி சொன்னார். பிழையிருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்த வேண்டும். போர்க்களத்தில் எதிரி ஒருவன் வாள் தன்மேல் ஓங்கப்பட்டபோது கலிமாவைச் சொன்னான். உயிருக்கு அஞ்சிச் சொல்கிறான் என்று எண்ணி உஸாமா (ரலி) அவர்கள் அவனைக் கொன்றுவிட்டார்கள். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவன் நெஞ்சைத் திறந்து பார்த்தா அதை அறிந்தாய் என்னும் பொருள்படக் கேட்டு, மீண்டும் மீண்டும் கடிந்துகொண்டார்கள். அன்றுதான் நான் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா (ரலி) அவர்கள் ஏங்கும் அளவுக்குக் கடிந்துகொண்டார்கள். கொல்லப்பட்டவன் நிலையைப் பாருங்கள்: தலைக்கு மேலே வாள். அதைவிட ஐயத்துக்கு இடமான நேரம் ஒரு மனிதனுக்கு இல்லை. அந்த நேரத்துச் சொல்லையே ஏற்க வேண்டும் என்றால், மீனாட்சிபுரத்துக்காரன் பகல் வெளிச்சத்தில் நின்று சொன்ன சொல்லை ஏற்க எனக்கு என்ன தடை இருந்தது?

காக்கா அதைச் சொன்னபோது, "அந்த அறையில் நான் பேசியது தவறு" என்றேன். பேசி ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகியிருந்தது. அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எந்த அறையில் தம்பி?" என்றார். மறந்திருக்க மாட்டார். எனக்காக மறந்தார்.

அவர் இப்போது இவ்வூர் மையவாடியில் அடங்கியிருக்கிறார். ஜனாஸா அன்று நான் பள்ளிவாசலின் வெளியே வேப்ப மர நிழலில் நின்றேன். தொழுகை முடிந்து தூக்கி வந்தபோது, சந்தூக்குக்குத் தோள் கொடுக்க இங்குள்ள இளைஞர்கள் எனக்கு இடம் விட்டார்கள். அவருடைய மூத்த மகன் இந்த அவையில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். 1981இல் அந்தச் சொல்லை நான் ஆறு பேர் கேட்கச் சொன்னேன். மன்னிப்பைப் பேருந்தில் ஒருவரிடம் மட்டும் கேட்டேன். கணித ஆசிரியரிடம் அந்தக் கணக்கு நேராகாது. ஆகவே ஜமாஅத்தார் அனைவர் முன்னிலையிலும், தம்பி, உங்கள் தந்தையாரிடமும், நான் முகம் பார்த்திராத அந்த 180 குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.